ஆறு ஏழில் ஓடட்டும், அவன் ஐந்தில் ஆடட்டும்: ஆட்டனத்தி கதைக்கு நாட்டிய இசை அமைத்த அனுபவம்

ஆட்டனத்தி, ஆதிமந்தி கதைக்கு இருபது நிமிட நாட்டிய இசை வேண்டும் என்று கேட்டவர் திருச்சியில் நடனப் பள்ளி நடத்தும் அக்கா ஒருவர். கேட்கும்போதே இரண்டு நிபந்தனை போட்டுவிட்டார். பாடகர் கூடாது. வாத்தியக்காரர்கள் ஐந்து பேரைத் தாண்டக் கூடாது. பாட்டு இருந்தால் அபிநயம் வரிக்கு வரி பதம் பிரித்துக்கொண்டே போய்விடும் என்பது முதல் நிபந்தனைக்கு அவர் சொன்ன காரணம். இரண்டாவதற்குக் காரணம் பணம்.

ஐந்து பேர் என்றால் மேற்கே சேம்பர் இசை என்று சொல்லும் வகை. ஒரு பாகத்துக்கு ஒரே ஆள், கோல் வீசி நடத்த ஆள் கிடையாது, பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டு வாசிக்க வேண்டும். நம் கச்சேரி மேடையும் கிட்டத்தட்ட இதுதான், எழுதிய நோட்டு மட்டும் இருக்காது. கதைக்கு நடனம், நடனத்துக்குச் சின்னக் குழு என்பது வழி இல்லாத காலத்தில் பிறந்த ஏற்பாடு. முதல் உலகப் போர் சமயத்தில் பெரிய குழுவுக்கு வசதி இல்லாமல், ஸ்ட்ராவின்ஸ்கி ஒரு ரஷ்ய நாட்டுப்புறக் கதையை ஏழே வாத்தியங்களுக்கு எழுதி 1918இல் லோசான் நகரில் மேடையேற்றினார். மார்த்தா கிரகாமின் நடனத்துக்கு ஆரோன் கோப்லாந்து எழுதிய இசை 1944இல் வாஷிங்டனில் முதலில் ஒலித்தபோது 13 வாத்தியங்கள்தான். அந்த அரங்கில் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் அவ்வளவு சிறியது. ஆகவே ஐந்து பேர் என்றதும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. புல்லாங்குழல், வயலின், வயலின் குடும்பத்தில் கனத்த குரல் கொண்ட செல்லோ, மிருதங்கம், தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் என்று முடிவு செய்தோம்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். கரிகாலன் மகள் ஆதிமந்தி. அவள் காதலன் ஆட்டனத்தி ஆடற்கலைஞன். காவிரியின் கழார்த் துறையில் புதுப்புனல் விழாவில் ஆடும்போது வெள்ளம் அவனை இழுத்துக்கொண்டு போகிறது. அவள் கரையோடு தேடிக்கொண்டே கடல் வரை போகிறாள். இது ஒரே இடத்தில் முழுக் கதையாக எழுதப்பட்டு நமக்குக் கிடைக்கவில்லை. பரணர் தம் அகநானூற்றுப் பாடல்களில் உவமையாகத் துண்டு துண்டாகச் சொல்கிறார். 376ஆம் பாட்டில் கரிகாலன் பார்த்துக்கொண்டிருக்க அத்தி ஆடுகிறான்: காலில் கழல் புரள்கிறது, வயிற்றில் கருங்கச்சு, பொன் பாண்டிலும் மணியும் சேர்ந்து ஒலிக்கின்றன. 76ஆம் பாட்டில் ஆதிமந்தி எதிர்ப்பட்டவரிடம் அவன் அடையாளம் சொல்லிக் ‘காண்டிரோ’ என்று கேட்டுக்கொண்டு போகிறாள். 222ஆம் பாட்டில் மருதி என்றொருத்தி அவனை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள். சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையில் மருதி இல்லை. கடலே அவனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது. இதெல்லாம் போக, குறுந்தொகை 31ஆம் பாட்டு ஆதிமந்தி பெயரிலேயே இருக்கிறது. மள்ளர் கூடிய விழாவிலும் இல்லை, பெண்கள் தழுவி ஆடும் துணங்கையிலும் இல்லை, எங்கேயும் அவனைக் காணோம் என்று சொல்லிவிட்டு, ‘யானும் ஓர் ஆடுகள மகளே’ என்கிறாள். அவனும் ஆடுகள மகன், நானும் ஆடுகள மகள்.

இந்த ஒரு வரி கையில் கிடைத்ததும் அக்கா தனி ஆளாகவே ஆடிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். அத்தி, ஆதிமந்தி, மருதி மூன்றும் அவர்தான். அப்புறம் எனக்கு ஒரு எச்சரிக்கை: “தம்பி, அழறதுக்கு நான் இருக்கேன். நீ வாத்தியத்தை வெச்சு அழாத.”

யோசித்துப் பார்த்தால், இந்த வேலை முழுவதுக்கும் அந்த எச்சரிக்கையே போதுமாக இருந்தது. பிரிவு என்றதும் கை தானாக முகாரி, சுபபந்துவராளி போன்ற சோக ராகங்களுக்குப் போகும். ஆடுகிறவர் முகத்தில் துக்கம் இருக்கும்போது வயலினும் அதையே சொன்னால், பார்க்கிறவருக்கு ஒரே கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டுவது போலாகிவிடும். அவர் உடம்பால் காட்ட முடியாத ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. அது காவிரி. ஒரே ஆள் ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி நிற்கலாம். தன்னை இழுத்துப் போகும் தண்ணீராகவும் அதே நேரத்தில் இருக்க முடியாது. ஆகவே ஆற்றை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அவருக்கு.

வெள்ளத்துக்கு என்ன சத்தம் என்று கேட்கத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாளில் முக்கொம்புக்குப் போனேன். மதகுக்குக் கீழே இரைச்சல் காதை அடைத்தது. மதகுக்கு மேலே, தண்ணீர் அகலமாக வந்து சேரும் பக்கத்தில், சத்தமே இல்லை. பழுப்பு நிறத்தில் வழவழவென்று நகர்கிறது. ஒரு கிளையோ ஆகாயத்தாமரைக் குலையோ அதில் மாட்டிக்கொண்டு போகும்போதுதான் வேகம் தெரிகிறது. எதிலாவது மோதினால் ஒழிய ஆறு சத்தம் போடுவதில்லை. மேடையில் வெள்ளம் என்றால் மிருதங்கத்தில் இடி இடிக்க வைத்து, தட்டுகளை மோதவிட்டு, விளக்கைச் சிமிட்டுவது நம் வழக்கம். அது மதகுச் சத்தம். ஆளை விழுங்கும் இடத்தின் சத்தம் வேறு என்று எனக்குப் பட்டது. அடியில் ஒரு கனமான ஓட்டம் இருக்க வேண்டும், அது மெல்ல அகலமாக வேண்டும். அதற்குத்தான் செல்லோ.

அடுத்து ராகம். விழாவுக்கு மோகனம் என்பதில் குழப்பமே இல்லை. தேடலுக்கு வேறு ராகம் எடுக்காமல் அதே ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு கிரக பேதம் செய்தேன். மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ஹிந்தோளம் வரும். அதே துறை, அதே தண்ணீர், அவன் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. மோகனத்தில் ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்பவை. ஹிந்தோளத்துக்கு வந்ததும் அந்த ஷட்ஜம் தைவதம் ஆகிறது, பஞ்சமம் காந்தாரம் ஆகிறது. இரண்டுக்கும் கமகம், அதாவது அசைவு, வந்துவிடுகிறது. அதுவரை தூண் மாதிரி நின்றவை இரண்டும் ஆடத் தொடங்குகின்றன. மோகனத்தில் லேசாக அசைந்த காந்தாரமோ இப்போது ஆதாரம்; அது அசையக் கூடாது. வயலின் வாசித்த அண்ணாவுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. “காலை மாத்தி ஊணணும், அவ்வளவுதானே” என்று வாசித்துக் காட்டிவிட்டார்.

கிரக பேதம் செய்து காட்டுவது எளிது, அதில் ஏழு நிமிடம் குடியிருப்பது கஷ்டம். சுருதிப்பெட்டி பின்னால் பழைய ஷட்ஜத்தையே ஊதிக்கொண்டிருந்தால் கேட்பவர் காது மோகனத்தை விட்டு நகராது. எனவே சுருதிப்பெட்டி கிடையாது; ஆதாரத்தைச் செல்லோவே தர வேண்டும். இங்கேதான் கட்டை, அதாவது ஷட்ஜத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பது, முக்கியமானது. செல்லோவின் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ. நான்கு கட்டையை, அதாவது எஃப் ஸ்வரத்தை, ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு, ஜி தந்தியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி எஃப் ஆக்கினால், தந்திகள் சி, எஃப், டி, ஏ என்று ஆகின்றன. கீழ் இரண்டு தந்தியும் மோகனத்துக்குப் பஞ்சமம், ஷட்ஜம். மேல் இரண்டு தந்தியும் ஹிந்தோளத்துக்கு மத்யமம், ஷட்ஜம். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, தம்பூராவிலேயே மத்யமம்தான் வைப்போம்; அது இங்கே திறந்த தந்தியாகவே கிடைக்கிறது. வில் கீழ் ஜோடியில் இருந்தால் விழா. மேல் ஜோடிக்குப் போனால் தேடல். நடு ஜோடியில் எஃப், டி இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது எந்த ஆதாரமும் உறுதியாக இருக்காது. வெள்ளம் அங்கே. விரலே வைக்காமல், வில்லை மட்டும் சாய்த்துக்கொண்டு போய்க் கதையின் மூன்று நிலையையும் கடந்துவிடலாம். மற்ற கட்டைகளையும் தாளில் போட்டுப் பார்த்தேன், இப்படி ஒன்றும் அமையவில்லை. பாடகர் இல்லாததால் நான்கு கட்டைக்கு யாருடைய தொண்டையும் தடை சொல்லவில்லை.

செல்லோ வாசித்த தம்பி சென்னையில் மேற்கத்திய முறையில் படித்தவர். தந்தியை இறக்கச் சொன்னதும் முகம் சுருங்கியது. ஒரு தந்தியைத் தளர்த்தினால் மற்ற மூன்றும் லேசாக ஏறிக்கொள்ளும், அது அடங்க நேரம் ஆகும், அந்தத் தந்தியில் விரல் இடமெல்லாம் மாறிவிடும். மூன்றும் நியாயமான புகார். அந்தத் தந்தியில் திறந்த ஒலியைத் தவிர வேறு எதுவும் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கமகமும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆற்றுக்கு எதற்குக் கமகம்?

தாளத்துக்கு வருகிறேன். அத்தியின் ஆட்டம் கண்டம், அதாவது ஐந்து: தக தகிட, தக தகிட. ஆற்றின் ஓட்டம் மிச்ரம், அதாவது ஏழு: தகிட தகதிமி. இரண்டும் ஒரே மாத்திரையில், ஒரே நேரத்தில். ஐந்தும் ஏழும் 35 மாத்திரைக்கு ஒரு முறைதான் ஒன்றாக விழும். அதற்குள் அவனுக்கு ஏழு சுற்று, ஆற்றுக்கு ஐந்து. நிமிடத்துக்கு 210 மாத்திரை வைத்தோம். ஆக, பத்து விநாடிக்கு ஒரு சந்திப்பு. விழாப் பகுதி முழுக்க அந்தச் சந்திப்பு வரும்போதெல்லாம் அக்கா துள்ளி ஒதுங்குவதாக அமைத்தார். தண்ணீர் காலைத் தொடப் பார்க்கிறது, இவன் விளையாட்டாக ஏய்த்துவிடுகிறான். பத்து விநாடிக்கு ஒரு ஏய்ப்பு. எதற்காகத் துள்ளுகிறார் என்று பார்க்கிறவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், ஆனால் எங்கேயோ அவருக்கு அது தெரியும் என்று நம்புகிறேன்.

வெள்ளத்தின் கடைசிக் கட்டத்துக்கு யதி உதவியது. ஆற்றுக்கு ஸ்ரோதோவஹ யதி, ஓடை அகன்று போகிற மாதிரி: 3, 4, 5, 6, 7. அத்திக்குக் கோபுச்ச யதி, பசுவின் வால் மாதிரி ஒடுங்குவது: 7, 6, 5, 4, 3. இரண்டில் எதைக் கூட்டினாலும் 25. சேர்ந்து புறப்பட்டுச் சேர்ந்தே முடியும். நடுவில் எங்கே முட்டிக்கொள்கிறது என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்துப் பார்த்தால், 7 மாத்திரை முடிந்த இடத்திலும் 18 முடிந்த இடத்திலும் இருவரின் அடியும் ஒன்றாக இருக்கிறது. அக்கா அந்த இரண்டையும் விடவில்லை. ஏழில் தண்ணீர் முழங்காலை மடக்குகிறது, பதினெட்டில் தோளைத் திருப்புகிறது, இருபத்தைந்தில் ஆள் இல்லை. இதை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் கொஞ்சம் நீட்டி வாசிக்கச் சொன்னேன். வெள்ளம் என்றால் துரிதம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் வந்தது; மிருதங்க அண்ணாவுக்குக் கை பரபரத்தது. மெதுவாகப் போகும்போதுதான் அக்காவின் உடம்பில் கனம் ஏறியது. எதிரெதிர் கணக்கோடு சேர்ந்து மெதுவாவது ஐந்து பேருக்கும் சள்ளை பிடித்த வேலை. கடைசியில் நட்டுவாங்கம் மட்டும் அழுத்தம் எதுவும் வைக்காமல் 25 மாத்திரையைத் தட்டையாகத் தட்ட, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை 25 முடிந்ததும் உச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சேகண்டி அடி. அடித்த கையோடு அதைப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் பாதி வரை இறக்க வேண்டும். உலோகம் தண்ணீருக்குள் போகப் போகச் சுருதி வழுக்கிக் கீழே இறங்கும், நாதம் கரைந்துபோகும். மேற்கே சில இசையமைப்பாளர்கள் முன்பே கையாண்ட உத்திதான் அது. வேகமாக முக்கினால் ‘டப்’ என்று செத்துவிடும். சாய்த்து, விளிம்பிலிருந்து தொடங்கி இறக்கினால் நன்றாக இழுபடும். புல்லாங்குழல் கலைஞருக்கு அந்த இடத்தில் வேலை இல்லை, அவரிடமே கொடுத்தோம். அக்காவுக்கு ஒரே கவலை, ஒரு சொட்டுத் தண்ணீர் மேடையில் சிந்தினாலும் வெறுங்காலில் ஆடுகிறவர் கதி என்ன என்பது. தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் இரண்டு பழைய துண்டு, குழல்காரர் தோளில் இன்னொரு துண்டு.

தேடல் தொடங்கியதும் மிருதங்கத்தில் ஒரு சிக்கல். அதன் வலந்தலை, அதாவது வலப்பக்க முகம், எஃப் ஷட்ஜத்துக்குச் சேர்த்திருக்கிறது. செல்லோ ஏ ஆதாரத்துக்குப் போன பிறகும் அதன் மீட்டு எஃப் என்றே ஒலிக்கும். ஹிந்தோளத்துக்கு அது தைவதம். ஒவ்வொரு அடியும் பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி கேட்பவரை மோகனத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது மிருதங்கம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அகநானூற்று 222 வழி சொன்னது. கழார் விழாவை அது ‘முழவு முகம் புலரா’ என்று தொடங்குகிறது; முழவின் முகத்தில் பூசியது காயாத அளவுக்கு ஓயாத கொண்டாட்டம். நம் மிருதங்கத்தின் இடப்பக்க முகமான தொப்பிக்கு இன்றும் ரவை பிசைந்து ஒட்டித்தான் ஈரமாக வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் விழா முடிந்தபின் முழவு காய்ந்துபோகட்டுமே! சேகண்டி நாதம் அடங்கும் நேரத்தில் அண்ணா மிருதங்கத்தைத் தூக்கி நிறுத்தி, கட்டைவிரலால் ரவையை வழித்து எடுத்துவிடுகிறார். வலந்தலையைத் தேடல் முழுக்கத் தொடுவதே இல்லை. ரவை போன தொப்பியில் அந்தக் கும்காரம் இல்லை. வறண்ட, தோல் மட்டும் பேசுகிற தட்டல். சுருதிச் சண்டையும் தீர்ந்தது. வயலினிடம் மட்டும் “திறந்த தந்தியைத் தொட்டுடாதீங்கண்ணா” என்று கேட்டுக்கொண்டேன், அவருடைய தந்திகளும் பழைய ச, ப தானே.

குறுந்தொகைப் பாட்டில் அவள் தேடும் இடம் இரண்டு. அதையே இசையின் வடிவமாக வைத்துக்கொண்டேன். மள்ளர் விழாவுக்குச் சதுஸ்ரம், துணங்கைக்குத் திஸ்ரம். பாட்டு அப்படி எதுவும் கணக்குச் சொல்லவில்லை, இது என் ஏற்பாடு. தொப்பியில் நாலு நாலாகத் தட்டல் எழுகிறது, அவள் உள்ளே போய்ப் பார்க்கிறாள், அவனுடைய ஐந்து அதில் இல்லை. மூன்று மூன்றாக இன்னொன்று. அதிலும் இல்லை. அடியில் செல்லோவின் ஏழு விடாமல் ஓடுகிறது. மூன்றும் நாலும் சேர்ந்த ஏழு. அவள் போன இரண்டு இடமும் ஆற்றுக்குள்தான் இருக்கின்றன. இரண்டும் ஓய்ந்தபின் அக்கா ஒரு நிமிடத்துக்கு மேல் தனியாக ஆடுகிறார், அத்தியின் அதே ஜதியை, அதே ஐந்தில். மிருதங்கம் இல்லை, நட்டுவாங்கம் இல்லை. சலங்கை மட்டும் தக தகிட என்க, எதிரே செல்லோ தகிட தகதிமி. ‘யானும் ஓர் ஆடுகள மகளே’ என்ற வரி அந்த இடத்தில்தான். வாயால் யாரும் சொல்வதில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் ஏழுக்கு எதிராக ஐந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்கு எந்தத் துணையும் கிடையாது. காதால் கேட்டால் ஏழு இழுத்துவிடும் என்றார். ஒத்திகை நடந்த கிரானைட் தரையில் தடுமாற்றம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மரப்பலகை மேடையில் ஒத்திகை கிடைத்தது. செல்லோவின் அடியில் இருக்கும் இரும்புக் கூர் பலகையில் ஊன்றியிருந்ததால், கீழ்த்தந்தி அதிரும்போது பலகை முழுக்க அதிர்ந்தது. அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். “தம்பி, உள்ளங்கால்ல வருது!” கீழ் சி தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், எஃப் சுமார் 87, அரங்கத்துச் சின்ன ஒலிபெருக்கியில் அந்தக் கனம் வராது, பலகையில் வரும். தேடலில் மேல் ஜோடியே ஆதாரம் என்றாலும், ஒவ்வொரு 35 மாத்திரையின் தொடக்கத்திலும் கீழ்த்தந்தியைப் பிட்சிகாட்டோவாக ஒரே ஒரு முறை மெல்லச் சுண்டச் சொன்னோம். சபைக்குக் கேட்காத அளவு. காலில் அந்தச் சுண்டல் வரும்போது தன் ஏழாவது சுற்று முடிந்ததா என்று சரிபார்த்துக்கொள்கிறார். இப்போது செல்லோக்காரரும் அக்காவும் ஒரே பலகைத் தளத்தில்தான். மேடை சிமென்ட் என்றால் நாங்களே தடித்த ஒட்டுப்பலகையைச் சட்டத்தில் அடித்துக் கொண்டுபோகிறோம்.

முடிவு பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம். அக்காவுக்குச் சிலம்பின் முடிவு பிடித்திருந்தது: கடல் அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, இவள் தழுவிக்கொண்டு பொற்கொடி போல வருகிறாள். மங்களமாக முடிக்கலாம். நான் மருதியை விட மாட்டேன் என்றேன். அவனை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுக் கடலுக்குள் போன பெண்ணைப் பரணர் ‘பாடல்சால் சிறப்பின் மருதி’ என்கிறார். பாட்டுக்கு உரியவள் என்று அவரே சொன்ன பிறகு விட்டுவிட முடியுமா? “அப்போ ரெண்டையும் வை, பார்க்கலாம்” என்றார். வைக்க முடிந்தது. தேடல் முழுக்கச் சும்மா இருந்த புல்லாங்குழல் இங்கே மருதியாக உள்ளே வருகிறது, ஹிந்தோளத்தில். அத்தி கிடைத்ததும் செல்லோ வில் கீழ் ஜோடிக்கு இறங்குகிறது, வயலின் மோகனத்துக்குத் திரும்புகிறது. சிலம்பின் முடிவு அது. குழல் திரும்புவதில்லை. தன் ஹிந்தோளச் சஞ்சாரத்திலேயே இருந்து, தன் ஷட்ஜத்தில் நிற்கிறது. ஸ்வரம் ஐந்தும் பொது என்பதால் எங்கும் முரண் கேட்காது. சபைக்கு அது மோகனத்தின் இனிமையான காந்தாரம். குழலுக்கு அதுதான் வீடு. வாசித்தவரிடம் மட்டும், “நீங்க காந்தாரத்துல முடிக்கல, ஷட்ஜத்துல முடிக்கிறீங்க” என்று சொல்லி வைத்தேன். அந்த நினைப்போடு ஊதும்போது கமகமே இல்லாமல் நிற்கிறது. அதுதான் வேண்டியிருந்தது.

நோட்டு எழுதுவது தனி வேலை. செல்லோவுக்கு ஐந்து கோட்டு நோட்டில் 7/8, வயலினுக்கும் குழலுக்கும் தமிழில் ஸ்வரக் குறிப்பு, அண்ணாவுக்கும் நட்டுவாங்கம் செய்த பெண்ணுக்கும் சொல்கட்டு. மூன்று மொழியில் எழுதிய தாள்கள் ஒன்றோடொன்று பேச, ஒவ்வொரு 35 மாத்திரைக்கும் ஓர் எண்ணைக் கட்டம் கட்டி எல்லாத் தாளிலும் போட்டேன். ஒத்திகையில் “பதினொண்ணுலேருந்து” என்றால் ஐந்து பேரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் செல்லோ பாகம் எழுதினேன், மற்றது கைப்பிரதி. ஐந்தையும் ஏழையும் ஒரே தாளில் காட்ட முயலாதீர்கள். வாசிப்பவர் அடுத்தவர் வரியைப் பார்த்தால் அடுத்தவர் கணக்கில் போய் விழுவார்.

நிகழ்ச்சியன்று அரங்கில் குளிர்சாதனம் செல்லோவின் இறக்கிய தந்தியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டது. வரவேற்புரை நீண்டுகொண்டே போனதில் சரிசெய்ய நேரம் கிடைத்தது. நீளப் பேசுகிறவர்களாலும் ஒரு நன்மை. மொத்தம் 21 நிமிடம்: விழா ஆறு, வெள்ளம் மூன்று, தேடல் ஏழு, மருதி ஐந்து. ரவையை வழிக்கும் இடத்தில் முன்வரிசையில் ஒருவர் மிருதங்கத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்தே விட்டார். சேகண்டி இறங்கியபோது பின்னால் ஒரு குழந்தை “அம்மா, அது எங்க போச்சு?” என்று சத்தமாகக் கேட்டது. விமர்சனம் என்று எனக்குக் கிடைத்தவை இந்த இரண்டும்தான், அக்காவின் மாமியார் “பாட்டே இல்லையே” என்று சொன்னதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

வெளியூருக்குக் கேட்கிறார்கள். ஒலிப்பதிவு போட்டு ஆடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தச் சலங்கைத் தனி ஆட்டத்தில் செல்லோ அக்காவுக்காக மயிரிழை காத்திருப்பது பதிவில் நடக்காது, பலகையும் அதிராது, வேண்டாம் என்றுவிட்டோம். செல்லோவுக்குத் தேதி கிடைக்காத ஊர்களுக்கு வேறு ஏற்பாடு: நான்கு கட்டையில் பஞ்சமம் வைத்த ஒரு தம்பூரா, ஆறு கட்டையில் மத்யமம் வைத்த இன்னொரு தம்பூரா. வெள்ளத்தில் ஒன்று ஓய, மற்றது எழும். நடுவில் சிறிது நேரம் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ஏழின் ஓட்டத்தைத் தம்பூரா தராது, அதைத் தொப்பியும் தேடலில் வயலினின் கீழ்த்தந்தியில் விரல் வைத்து இழுக்கும் நீண்ட வில்லும் பங்கு போட்டுக்கொள்ளும். உள்ளங்காலுக்குச் செய்தி சொல்லும் வேலை அண்ணாவுக்கு: மிருதங்கத்தைப் பலகையில் படும்படி வைத்து, 35க்கு ஒரு முறை முழங்கையால் பலகையைத் தட்டப் போகிறார். முழங்கை வலிக்கும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.